எந்த அம்மாவைக் கூப்பிட்டான்

ஆவணி 2, திங்கள்

காலையிலேயே வெக்கை. மேகம் கட்டியிருக்கிறது, இறங்கவில்லை. ரேஷன் கடை போக வேண்டும். முட்டிக்குத் தேய்க்கிற எண்ணெய் தீர்ந்துவிட்டது.

எனக்கு எழுத்து வராது. கைநாட்டுதான். போனில் இந்த மைக் படத்தை அழுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று மருமகள் கலை காட்டிக்கொடுத்தாள். தெருப்பேச்சு பேசினால் அதற்குப் புரியவில்லை, கண்டதையும் எழுதுகிறதாம். "ரேடியோல நியூஸ் படிக்கிறவங்க மாதிரி நிறுத்திப் பேசணும் மாமா" என்றாள். பேசுகிறேன். யாருக்கு? யாருக்கும் இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழல். இங்கே ஒருவரும் வருவதில்லை.

கலை நேற்றுத்தான் வந்தாள். வைகாசியில் கல்யாணம், ஆனி மாதம் இங்கே, ஆடிக்கு வழக்கப்படி காலாப்பட்டில் தாய்வீடு. ஆடி பூராவும் என் மகன் பாபு சாப்பிட்ட கையோடு போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவான்.

இன்று காலை முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிறான். அறைக்குள்ளிருந்து "ம்மா, டவலு" என்று குரல். என் மனைவி அஞ்சலை அரிசி களைந்துகொண்டிருந்தாள். போட்டது போட்டபடி ஈரக்கையோடு கொடியில் இருந்து துண்டை உருவிக்கொண்டு ஓடினாள். அறை வாசலில் கலை. ஏற்கெனவே ஒரு துண்டு கொடுத்தாகிவிட்டது.

"நீ ஏம்மா வந்த? நான் இவளக் கூப்புட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னான். அஞ்சலை அந்தத் துண்டில் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள், அதற்காகவே எடுத்தது போல. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

ஆனியில் இவன் கலையை ஒன்றும் சொல்லிக் கூப்பிடமாட்டான். "இங்க வா", "இதப் புடி". இந்த "ம்மா" எப்போது வந்தது? ஆடியில் போனிலேயே முளைத்து, நேற்று அவள் பையோடு வீட்டுக்குள் வந்துவிட்டது. இரண்டு பேரையும் பிரித்துவைக்கத்தான் ஆடி. அது இப்படி ஒரு வேலை செய்திருக்கிறது.


ஆவணி 3, செவ்வாய்

சங்கரா மீன் மலிவு. குழம்பு நன்றாக இருந்தது. மழை இல்லை.

சாயங்காலம் மறுபடி. பாபு டிவி முன்னால். "ம்மா, ரிமோட் எங்க?" அடுப்படியிலிருந்து "என்னாடா?" கொல்லைப்புறத்திலிருந்து "என்னங்க?" இரண்டு குரலும் நடுக்கூடத்தில் முட்டிக்கொண்டன. கலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அஞ்சலைக்கு வரவில்லை.

பிறகு என்னிடம் வந்து, "யோவ், எனக்குக் காது மந்தமாயிடுச்சா?"

"இல்லியே. நான் வெத்தலப் பொட்டியத் தொட்டா உனக்குக் கேக்குது."

"அப்புறம் எப்புடித் தப்பாப் போவுது?"

அவள் கேட்டது எனக்கு விளங்கிவிட்டது. அப்போது பாபுவுக்கு மூன்று வயது. மில்லில் எனக்கு இரவு வேலை, பகலில் வீட்டில் இருப்பேன். தெருமுனையில் அடிபம்பு. பத்துப் பெண்கள் குடத்தோடு வரிசை. தெரு முழுக்கப் பிள்ளைகள், எல்லாம் "எம்மா, எம்மா" என்றுதான் கத்தும். எந்தப் பெண்ணும் திரும்ப மாட்டாள். தன் பிள்ளை கத்தினால் மட்டும் ஒருத்தி திரும்புவாள். ஒருநாள் சாவு ஊர்வலம் போகிறது, பறை காதைப் பிளக்கிறது. அதற்குள்ளே பாபு விழுந்து ஒரு குரல் கொடுத்தான். எனக்குக் கேட்கவில்லை, நான் பக்கத்தில் நின்றேன். அஞ்சலை பம்படியிலிருந்து குடத்தைப் போட்டுவிட்டு வந்தாள். பச்சை ரவிக்கை, கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

அந்தக் காது இதுவரை தப்பியதில்லை. இப்போது தப்புகிறது. அவளுக்கு அதுதான் பயமோ என்னவோ.

பொறாமை என்று சொல்லலாமா? தெரியவில்லை. கலைக்கு மீன் தலை எடுத்து வைக்கிறாள். பேன் பார்த்துத் தலை வாரிவிடுகிறாள். புதுப் புடவை எடுத்தால் முந்தானையைத் தொட்டுப் பார்த்து "நல்லா கீதுடி" என்கிறாள். அதிலெல்லாம் ஒன்றும் இல்லை. இந்த ஒரு வார்த்தையில் மட்டும்தான்.


ஆவணி 5, வியாழன்

எண்ணெய் வாங்கினேன். பெரிய மார்க்கெட் வரை போய்விட்டு பஸ்ஸில் திரும்பினேன்.

பாபுவின் குரலைக் கவனித்துக் கேட்கிறேன். அம்மாவைக் கூப்பிடுவதற்கும் பெண்டாட்டியைக் கூப்பிடுவதற்கும் ஏதாவது வித்தியாசம் இருக்குமே. முன்பக்கம் அழுத்தமா, பின்பக்கம் இழுப்பா? கண்ணை மூடிக்கொண்டுகூடக் கேட்டேன். ஒன்றும் இல்லை. ஒரே அச்சு.

மற்ற ஆம்பளைகள் எப்படி என்று ஒரு விசாரணை போட்டேன். டீக்கடைக்காரர் பெண்டாட்டியை "ஏய்" என்கிறார், அந்த அம்மாளும் "ஏய்" என்கிறது. முடிவெட்டுகிறவர் மகள் பெயரைச் சேர்த்து "சுகன்யாம்மா". பக்கத்துத் தெரு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர், "ஷெரி" என்கிறார். பிரெஞ்சில் கண்ணே என்று அர்த்தமாம். அந்தக் கண்ணு மாடியிலிருந்து "இன்னாய்யா?" என்று கத்துகிறது. நான் என்றால், நாற்பது வருஷத்துக்கு மேலாக "ஏமே" தான். பெயர் சொன்னதில்லை, வேறு எதுவும் சொன்னதில்லை.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு தம்பி போனில் பேசிக்கொண்டு வந்தான். "சொல்லும்மா. சாப்டியாம்மா. மாத்திர போட்டியாம்மா." கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது.

"தாயாரா தம்பி?"

"ஒய்ஃப் தாத்தா."

ஐயனார் கோயில் நிறுத்தம் வருவதற்குள் இன்னொரு போன். "ஆங், சொல்லு. பஸ்ல இருக்கேன். வெய்யி, வெய்யி."

"இது யாரு?"

"எங்கம்மா."

இதை அஞ்சலையிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.


ஆவணி 7, சனி

இன்று அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

மத்தியானம் பாபு தட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கலை குளிக்கிறாள். அஞ்சலை இரண்டு கை தூரத்தில் முருங்கைக்கீரை உருவுகிறாள்.

"ம்மா, கொழம்பு."

கீரை உருவுகிறாள்.

"ம்மா. ம்மோவ்!"

"யாரக் கூப்புடுற?"

"உன்னத்தான்."

"எனக்கு எப்புடித் தெரியும்? மொகத்துல எழுதி ஒட்டிக்கிதா?"

"வூட்ல வேற யாரு கீறாங்க இப்ப?"

"அதானே. வேற யாரும் இல்லன்னாத்தான் நானு."

பாபு சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்தான். கலை ஈரத்தலையோடு வந்து, என்ன நடந்தது என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் விசிறியைப் பார்த்தேன்.

சோறு வீணாய்ப் போனதில் அஞ்சலைக்கு வருத்தம். அதை அவளே எடுத்து உப்புப் போட்டுச் சாப்பிட்டாள். கோபமாக இருக்கிறவள் அவன் எச்சில் தட்டில் ஏன் சாப்பிட வேண்டும்? கேட்டால் என் மேல் எரிந்து விழுவாள்.


ஆவணி 8, ஞாயிறு

லேசான தூறல், மண் நனையவில்லை. பாபு "வாப்பா, டீ சாப்டலாம்" என்று கூப்பிட்டான். வீட்டில் டீ இருக்கிறது. அப்போதே தெரிந்துவிட்டது.

ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்தில் அவன் கம்பெனிக்குப் பக்கத்திலேயே கூட வேலை செய்கிறவரின் வீடு, மாடிப் போர்ஷன் காலி. நடந்தே வேலைக்குப் போய்விடலாம். அடுத்த ஞாயிறு உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டுமாம்.

"கலை கேட்டாளா?"

"அவ எதுவும் கேக்கல. நான்தான் சொன்னேன். அம்மா ஏன் இப்புடி கீதுன்னே தெரியலப்பா. கூப்புட்டா மூஞ்சியத் திருப்பிக்குது. நாங்க இன்னா பண்ணோம்? அம்மாகிட்ட இப்ப சொல்லாத."

"நீ கூப்புடுற கூப்பாடுதான்டா."

"இன்னா கூப்பாடு?"

அவனுக்குத் தெரியவே இல்லை. வாயில் என்ன வருகிறது என்றே தெரியாமல் கூப்பிட்டிருக்கிறான். சொன்னேன். பன்னைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"எல்லாரும் அப்புடித்தாம்பா பொண்டாட்டியக் கூப்புடுறாங்க. பேரு சொன்னா அதட்டுற மாதிரி கீது. இது ஒரு பிரியம். ஒரு மரியாத."

"சரிதான். அந்தப் பிரியம் ஏற்கெனவே ஒருத்தர்கிட்ட கீது இல்ல? நீ வேற வச்சிக்க."

"வேற இன்னா?"

எனக்கும் தெரியவில்லை. சொல்தா வீட்டுப் பிள்ளைகள் தாயாரை "மமோன்" என்பார்கள், நீ அம்மாவை அப்படிச் சொல்லிக்கொள், "ம்மா"வைக் கலைக்கு விட்டுவிடு என்றேன். "எம்மா அடிக்கும்" என்றான்.

கடைசியில், இனி கலையைப் பெயர் சொல்லியே கூப்பிடுவதாகச் சொன்னான். எளிதாகத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.


ஆவணி 10, செவ்வாய்

தீரவில்லை.

நேற்றுக் காலை, "கலை, சீப்பு எங்க?" வந்தாள். முகம் விழுந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டின்போது, "கலை, தண்ணி." தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்று காலையும் அப்படியே. கடைக்குக் கிளம்பும்போது (நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள், ஆடி லீவு முடிந்து நேற்றுத்தான் திரும்பப் போனாள்) செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"நான் இன்னா தப்புப் பண்ணேன்?"

"ஒண்ணும் இல்லியே."

"அப்புறம் எதுக்குப் பேரு சொல்லிக் கூப்புடுறீங்க? எங்கப்பா கோவம் வந்தாத்தான் எங்கம்மாவப் பேரு சொல்லுவாரு."

பாபு வாயைத் திறந்தான், மூடினான். காரணம் சொன்னால் அஞ்சலைக்குக் கேட்டுவிடும். சொல்லாவிட்டால் கலைக்குப் புரியாது. பாவம், ஒரு பெயரும் இல்லாமல் நடுவில் நின்றான்.

மனிதன் கூப்பிடுவதற்கு எவ்வளவு இருக்கிறது! நாயைக்கூட உஸ் என்கிறோம். இவனுக்கு மட்டும் இரண்டு பெண்களும் இருக்கிற வீட்டில் ஒரு சத்தமும் கிடைக்கவில்லை.


ஆவணி 11, புதன்

மழை வந்தேவிட்டது. நல்ல இடி. மாடியில் துணி நனைந்துவிட்டது. கூடத்து மூலையில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறேன்.

பாபு யாரையும் கூப்பிடுவதில்லை. அடுப்படி வாசலில் வந்து நிற்கிறான். "தண்ணி" என்கிறான். யாரிடம் கேட்டான் என்று தெரியாது. யார் கண்ணில் படுகிறானோ அவள் கொடுக்கிறாள். சட்டையை அவனே தேடுகிறான். சாப்பிட்டுவிட்டு அவனே தட்டைக் கழுவுகிறான். கல்யாணமாகி வந்த வேற்று மாப்பிள்ளை மாதிரி சொந்த வீட்டில் நடமாடுகிறான்.

அஞ்சலைக்கு இது பிடிக்கும் என்று நினைத்தேன். தப்புக்கூப்பாடு நின்றுவிட்டதே. அவளோ குட்டிபோட்ட பூனை மாதிரி அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடக்கிறாள். அவன் அறைக்குள் இருமினால் நிற்கிறாள்.

"ஏன்யா, இந்த வூட்ல யாராச்சும் செத்துட்டாங்களா?"

"ஏன்?"

"இவன் ஏன் வாயத் தொறக்க மாட்டறான்?"

"நீதான் பதில் சொல்றதில்லியே."

"நான் சொல்லலன்னா அவன் கூப்புடாம வுட்டுடுவானா?"

இதில் என்ன நியாயம் என்று யோசித்துப் பார்த்தேன். ஏதோ இருக்கிறது. தப்பாக வந்து காதில் விழுந்த கூப்பாட்டில்கூட அவளுக்குப் பாதி இருந்திருக்கிறது. ஓடி வந்து ஏமாந்தாலும், ஓடி வருவதற்கு ஒரு சத்தம் இருந்தது. இப்போது ஓட இடமில்லை.


ஆவணி 13, வெள்ளி

கலை கடைக்கு லீவு போட்டிருக்கிறாள். வாழைக்காய் வறுவல். இரண்டு பெண்களும் அடுப்படியில் பூண்டு உரித்தார்கள். நான் கூடத்தில் படுத்திருந்தேன், தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"அத்த, அவரு உங்ககிட்டயும் பேசறதில்லியா?"

"எங்கிட்ட எதுக்குப் பேசறான்? உன்கிட்ட பேசறானா?"

"பேரு சொன்னாரு ரெண்டு நாளு. இப்ப அதுவும் இல்ல. மூணாம் மனுஷி மாதிரி."

"பேரு சொன்னா இன்னாடி? பேரு வக்கிறது கூப்புடத்தான?"

"உங்கள மாமா பேரு சொல்லிக் கூப்புட்டுகீறாரா?"

அஞ்சலை சிரித்தாள். இத்தனை நாளில் முதல் சிரிப்பு. "அந்த ஆளுக்கு என் பேரு தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்."

தெரியும். எழுந்து சொல்லலாமா என்று பார்த்தேன். தூங்குகிறவன் எப்படிச் சொல்வது.

பிறகு கலை ஏதோ ஆறுதலாகச் சொல்ல வந்து, "அங்க போனப்புறம் சரியாயிடுவாருன்னு நெனைக்கிறேன்" என்றுவிட்டாள்.

"எங்க போனப்புறம்?"

பூண்டு உரிக்கிற சத்தம் நின்றது. கலை "அய்யய்யோ" என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மேட்டுப்பாளையம், மாடிப் போர்ஷன், ஞாயிற்றுக்கிழமை. "நான் கேக்கல அத்த. என் அம்மா மேல சத்தியமா நான் கேக்கல."

அஞ்சலை அழுவாள் என்று காத்திருந்தேன். மறுபடி பூண்டு உரிக்கிற சத்தம்.

"தண்ணி எப்புடி அங்க?"

"போரு தண்ணியாம்."

"மாடின்னா வெக்க ஏறுமே."

"ம்."

"கம்பெனிப் பொகை வேற. அவனுக்குச் சின்னதுலயே வீசிங்கு. தெரியுமா உனக்கு?"

"சொல்லல அவரு."

"சொல்லமாட்டான். பனிக்காலத்துல தலைமாட்ட ஒசத்தி வய்யி. தூதுவள போட்டு ரசம் வய்யி." பாடம் சொல்வது போலச் சொன்னாள். கொஞ்சம் நிறுத்தி, "கொடுத்தா குடிக்கமாட்டான். நீ பாட்டுக்கு வச்சிட்டு வந்துடு. யாரும் பாக்காதப்ப குடிப்பான்."

விளக்கு வைத்த பிறகு என்னிடம் வந்தாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சரி."

அவ்வளவுதான். சண்டை போட்டிருக்கலாம்.


ஆவணி 15, ஞாயிறு

காலை வெயில். கறி எடுக்கவில்லை.

பாபு முகம் வழித்து, சட்டை மாட்டிக்கொண்டு, வண்டிச் சாவியைத் தேடினான். யாரையும் கேட்காமல் தேடினான். அலமாரி, டிவி மேல், ஜன்னல். சாவி அஞ்சலை கையில்.

"டேய், இங்க வா."

வந்தான். கலை பின்னால் கதவோரம். நான் நாற்காலியில்.

"அந்த வூட்டுக்குத்தான போற?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

"அப்பன ஏன் பாக்குற? போ. புடிச்சிருந்தா இருங்க ரெண்டு பேரும். நான் குறுக்க நிக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த வாய மூடிகினு திரியறது எனக்குப் புடிக்கல. பொணம் மாதிரி வாசல்ல வந்து நின்னு தண்ணி தண்ணின்ற. கூப்புடுறா."

"நீதான கோச்சிக்கிற?"

"கோவந்தான். இல்லன்னு சொன்னனா? அந்தக் கோவம் இருந்துட்டுப் போவட்டும், அதுக்கு நீயா சோறு போடற? நீ பாட்டுக்குக் கூப்புடு. ரெண்டு பேருக்கும் காது கீது. எவ கிட்ட கீறாளோ அவ வருவா."

பாபு மூக்கை உறிஞ்சினான். முப்பது வயதாகப் போகிறது. சாவியை வாங்கும்போது, "வரேம்மா" என்றான்.

அஞ்சலை "ம்" என்றாள். அதே நேரத்தில் கதவோரத்திலிருந்தும் ஒரு "ம்" வந்தது. இந்தத் தடவை கலை சிரிக்கவில்லை. அஞ்சலைதான் சிரித்தாள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு.

போனவன் வருகிற வரை அவள் வாசலைக் கழுவினாள். கழுவிய வாசலை மறுபடி கழுவினாள். சாப்பாட்டு நேரம் தாண்டி வண்டிச் சத்தம்.

"இன்னா சொன்ன?"

"தை மாசம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன்."

"வூடு அதுவரைக்கும் காலியா இருக்குமா?"

"இருக்காது."

"சரி, கை கழுவு."

சாப்பிடும்போது "ம்மா, ரசம்" என்றான். கலைதான் கிட்டே இருந்தாள். ஊற்றினாள். அஞ்சலை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், தூரத்தைக் கண்ணால் அளந்தாள்.


ஆவணி 16, திங்கள்

இரவெல்லாம் மழை, இப்போது விட்டிருக்கிறது. தெருவில் முழங்கால் சேறு. பாபுவுக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட், எழுந்திருக்கவில்லை.

அரிவாள்மணை அடுப்படியில் இல்லை. அஞ்சலை அதை எடுத்துக்கொண்டு வந்து பாபுவின் அறை வாசலில் போட்டு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். காற்றும் வராத, வெளிச்சமும் இல்லாத இடம்.

"ஏமே, இருட்டுல இன்னா பண்ற?"

"இங்கதான் வெளிச்சம் நல்லா கீது. சும்மா கெட."

கலை தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நின்று பார்த்தாள். உள்ளே போய், நேற்றுக் காய்ந்த துணியை ஒரு பாரம் தூக்கிக்கொண்டு வந்தாள். அத்தைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. அதில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். அஞ்சலை அரிவாள்மணையைக் கொஞ்சம் நகர்த்தினாள். இடம் கொடுக்கத்தானா, முன்னால் போகத்தானா என்று இங்கிருந்து தெரியவில்லை.

இரண்டு பேர் காதும் கதவில்தான். உள்ளே குறட்டை.